கீமோ அறைச் சிரிப்பும் வீட்டாரின் வருத்தமும்

வணக்கம். கீமோதெரபி அறையில் அறிமுகமான தோழியுடன் சாவைப் பற்றிக்கூடக் கேலி பேசிச் சிரிப்பதாகவும், அதை வீட்டில் சொன்னபோது உங்கள் கணவர் முகம் வாடி எழுந்து போய்விட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் தவறு ஏதும் செய்துவிடவில்லை. அவர் கோபித்துக்கொண்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் மருந்தேற்றத்துக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலையணையில் கொத்தாகக் கிடக்கும் முடி, தண்ணீரில்கூட இரும்பு ருசி காணும் நாக்கு, வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் தூங்கவிடாத இரவு ஆகியவற்றை உங்கள் தோழி பட்டறிந்தவர். அதனால்தான், "புருவமும் போய்விட்டது, இனி என் கோபத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்று அவர் சொன்னதற்கு உங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. (எனக்கும் சிரிப்பு வந்தது.) கணவருக்கோ இத்தகைய பேச்சு, நீங்கள் மனத்தளவில் விடைபெறத் தொடங்கிவிட்டதைப் போலக் கேட்டிருக்கும். அப்படியில்லை என்று அவரிடம் ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிடுங்கள். சாவைப் பற்றிய கேலிகளைத் தோழியோடு வைத்துக்கொண்டு, சிகிச்சைக்கால மறதியில் மூக்குக்கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தேடுவது போன்ற கூத்துகளை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்; அவற்றில் அவரும் சேர்ந்து சிரிக்க இடமுண்டு.

தோழியிடமும் ஒன்று பேசி வைத்துக்கொள்வது நல்லது: ஸ்கேன் முடிவு வரும் நாளில், முடிவைப் பெற்றவர் தொடங்கினால் மட்டுமே மற்றவர் கேலியில் சேரலாம். வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றை மட்டும் வேடிக்கையாகச் சொல்லி மழுப்பாமல் மருத்துவரிடம் நேராகவே சொல்லுங்கள். சிரித்த முகத்தைப் பார்த்து, மருந்தை மாற்றத் தேவையில்லை என்று அவர் எண்ணிவிடக்கூடும்.