பட்டை இருக்கட்டும், மாத்திரை எப்படி மிச்சமானது?

கேள்வி: ஊர் நெல்லிக்குப்பம். நான் புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன், ஞாயிறு மட்டும் வீட்டுக்குப் போவேன். 4 மாதம் முன்பு அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்துக்கு நல்லதென்று மருதம்பட்டை வாங்கிக் கொடுத்தேன். அம்மா தினமும் கஷாயம் வைத்துத் தருகிறார். அப்பா தெம்பாக இருக்கிறார். போன மாத மாத்திரையே பாதி மிச்சம் என்பதால் இந்த மாதம் செலவும் குறைவு. பூண்டும் சேர்க்கலாமா?

பதில்: தம்பி, 30 நாளைக்கு வாங்கிய மாத்திரை 30 நாளில் தீர வேண்டும். பாதி மிச்சம் என்றால் அப்பா பாதி நாள் போடவில்லை. நீங்களோ அதைச் செலவு மிச்சம் என்று கணக்கு எழுதிவிட்டீர்கள்!

ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் வைத்த கம்பி வலை. அதில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போன்ற மாத்திரைகள். மாரடைப்புக்குப் பின் இரண்டையும் சேர்த்து வழக்கமாக ஒரு வருடம் தருவார்கள். நடுவில் விட்டால் வலை அடைத்து மறுபடி மாரடைப்பு வரலாம். அன்று காலை வரை ஆள் தெம்பாகத்தான் இருப்பார்.

மருதம்பட்டையை நான் மட்டம் தட்டவில்லை. எலிகளுக்கு முதலில் பட்டைச் சாறு கொடுத்து, பிறகு இதயத் தசையைச் சிதைக்கும் மருந்தை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள், சேதம் குறைந்தது. மனிதர்களிடம் நடந்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில் நெஞ்சுவலியும் குறைந்திருக்கிறது. சரி, அந்த எலிகளுக்கு யாரும் ஸ்டென்ட் வைக்கவில்லையே! பூண்டு குழம்பில் இருக்கட்டும். தனியாக நிறையக் கொடுத்தால் இந்த மாத்திரைகளோடு சேர்ந்து ரத்தக்கசிவு வரலாம்.

அப்பா ஏன் நிறுத்தினார் என்று கேட்டீர்களா? பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாதென்று தாமாகவே மாத்திரையைப் பாதியாக்கும் அப்பாக்களின் கதை எனக்கு எத்தனையோ கடிதத்தில் வந்திருக்கிறது. அம்மா விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறார். மகனின் பங்கு பட்டை வாங்கித் தருவதோடு முடிந்துவிடுமா? அப்பாவின் மாத்திரைப் பெயர் உங்களுக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.

ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவருக்கு இன்றே போன் செய்து, விட்டுப்போனதையும் கஷாயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். விட்டதற்கு ஈடாக ஒரேயடியாக இரண்டு மாத்திரை போட விடாதீர்கள். சாயங்காலமே பஸ் ஏறிப் போய், அட்டையைக் கையில் எடுத்து அப்பா முன்னால் உட்கார்ந்து எண்ணுங்கள். பணம்தான் சிக்கல் என்றால் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கேளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: நெஞ்சு அடைத்தால் கஷாயப் பாத்திரத்தைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.