பதிலுக்கு ஒரு பிள்ளை

கேள்வி: மியான்மரில் (பர்மா) பெகு ஊர்ப் பக்கத்தில் எங்களுக்கு வயல் இருக்கிறது. கணவர் இல்லை. ஒரே மகன், வயது 23. ராணுவச் சேவைக்கான சீட்டுக் குலுக்கலில் அவன் பெயர் விழுந்துவிட்டது. “யாரையும் சுட என்னால் முடியாது” என்கிறான். வயலில் வேலை செய்யும் பெண்ணின் மகன் பதிலுக்குப் போகச் சம்மதித்திருக்கிறான். அவர்கள் கடனைக் கழித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து என் மகன் என்னோடு பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. அவன் கோழையா? எப்படித் தேற்றுவது?

பதில்: அம்மா, பதிலுக்குப் போகிற பையனுக்கு வயதென்ன? தகப்பன் இருக்கிறாரா? ஒரு வரிகூட இல்லை. கடன் மட்டும் இருக்கிறது. உங்களிடம் கடன்பட்டவள் வாசலில் நின்று “சரிங்கம்மா” என்றால் அதைச் சம்மதம் என்கிறீர்கள். வேறென்ன சொல்வாள்? அடுத்த நடவுக்கும் உங்கள் வயலுக்குத்தானே வரவேண்டும்? திருவிழா வந்தால் அவர்களையும் நம் குடும்பம் என்போம். குலுக்கல் வந்ததும் கணக்கு நோட்டை எடுத்துவிட்டீர்கள்.

2010-இல் எழுதி வைத்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரி 10-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் இதே கவலையோடு எத்தனையோ கடிதங்கள். 18 முதல் 35 வயது ஆண்கள், இரண்டு ஆண்டு, நெருக்கடி என்றால் ஐந்துவரை. போகாவிட்டால் 3 முதல் 5 ஆண்டு சிறை. துறவிகளுக்கு விலக்கு உண்டு. சுட மாட்டேன் என்று மனசாட்சி சொல்பவனுக்கு இல்லை. பதிலாள் தேடுவதும் பழைய வழக்கம்தான். அமெரிக்காவில் 1863-இல் 300 டாலர் கட்டினாலோ ஆள் அனுப்பினாலோ தப்பிக்கலாம் என்று சட்டமே இருந்தது. பணம் கட்ட முடியாதவர்களின் ஆத்திரம் கலவரமாகி நியூயார்க் எரிந்தது. அப்போதும் அடிபட்டுச் செத்தவர்களில் பலர், சட்டத்தோடு சம்பந்தமே இல்லாத கறுப்பின மக்கள்.

கோழையா என்று கேட்டீர்கள். தென்னாப்பிரிக்காவில் 1988-இல் டேவிட் புரூஸ் என்ற வெள்ளைக்கார இளைஞர், நிறவெறி அரசின் ராணுவத்தில் சேர மாட்டேன் என்றதற்கு ஆறு ஆண்டு தண்டனை பெற்றார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த தாயின் பிள்ளை அவர். தான் மறுத்ததற்கான விலையை அவரே கொடுத்தார். உங்கள் மகனுக்கும் அது புரிந்திருக்கிறது, அதனால்தான் சோறு இறங்கவில்லை. தன் கையால் சுடமாட்டேன் என்றவனுக்கு, வேறொரு பையன் கையில் துப்பாக்கியைத் திணித்துவிட்டு நிம்மதியாக இரு என்கிறீர்கள். தேற வேண்டியவர் அவன் இல்லை.

பெற்ற பிள்ளையைக் காப்பது தாயின் கடமை, நான் மறுக்கவில்லை. இன்னொருத்தி பிள்ளையைக் கொடுத்துக் காப்பதற்குப் பெயர் கடமை இல்லை.

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். முதலில் அந்த ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள். கடனையும் தள்ளுங்கள், எந்தப் பேரமும் இல்லாமல். அப்புறம் சட்டத்தைப் பாருங்கள்: பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத முதியவர்களைப் பராமரிப்பவரின் சேவையைத் தள்ளிவைக்க அதில் இடமுண்டு. உங்கள் வயதை எழுதவில்லை, பொருந்துமானால் கேளுங்கள். அலைச்சல்தான், கிடைக்காமலும் போகலாம். பதிலாளை ஏற்பாடு செய்யத் தெரிந்தவருக்கு இந்த அலைச்சல் பெரிதில்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அவனே சொல்லட்டும், 23 வயதாகிறது. என்ன முடிவெடுத்தாலும் கூட நில்லுங்கள்.

அவனிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். அவளை உங்கள் வாசலுக்கு வரச் சொல்லாதீர்கள்.