முட்டுக்காடு மாதிரி அமைதியான நீருக்கு எந்தப் பேடில் போர்டு, எந்தத் துடுப்பு வாங்கலாம்?

கேட்டவருக்கு எடை 82 கிலோ, உயரம் 5 அடி 8 அங்குலம். சென்னை அருகே கோவளத்தில் பேடில் போர்டை, அதாவது நின்றபடி துடுப்பு போட்டு ஓட்டும் பலகையை, வாடகைக்கு எடுத்து நான்கைந்து முறை பழகியிருக்கிறார். அலையில் ஏறும் ஆசை இல்லை. முட்டுக்காடு கழிமுகத்தில் காலை வேளையில் ஒன்றிரண்டு மணி நேரம் போய்வர வேண்டும், அவ்வளவுதான். காற்றடித்து உப்பவைத்து ஓட்டும் பலகையில் 10 அடி 6 அங்குலம் வாங்குவதா, 12 அடி 6 அங்குலம் வாங்குவதா, கூடவே தரும் அலுமினியத் துடுப்பு போதுமா, 55 கிலோ எடையுள்ள மனைவியும் அதையே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். 12 அடி 6 அங்குலம் நீளம், 30 அல்லது 31 அங்குலம் அகலம், 6 அங்குலம் கனம் உள்ள டூரிங் பலகையை (நீண்ட தூரம் ஓட்டுவதற்கானது) வாங்குங்கள். கூட வரும் அலுமினியத் துடுப்பை உதிரியாக வைத்துக்கொண்டு, கார்பன் துடுப்பு ஒன்றைத் தனியாக வாங்குங்கள். மொத்தப் பணம் இடிக்கிறது என்றால் பலகையில் ஒரு படி இறங்குங்கள், துடுப்பில் இறங்காதீர்கள்.

ஏன் துடுப்பை முதலில் சொல்கிறேன் என்றால், ஐந்து வருடத்துக்கு முன் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். எல்லாப் பணத்தையும் பலகையில் போட்டுவிட்டு, பையோடு வந்த அலுமினியத் துடுப்பையே எட்டு மாதம் பயன்படுத்தினேன். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் வகை அது. அதன் இறுக்கும் கொக்கி நாளாக ஆகத் தளர்ந்துவிட்டது. துடுப்பை நீரில் அழுத்தும்போதெல்லாம் அலகு, அதாவது நீரைத் தள்ளும் தட்டையான முனை, அரை விரற்கடை அளவுக்குத் திரும்பும். அதைத் திரும்பவிடாமல் பிடிப்பதற்கே மணிக்கட்டு ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. மழைக்காலம் வருவதற்குள் வலது தோளைத் தூக்கிச் சட்டை போடவே சிரமமாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிதானமாகப் போனாலே நிமிடத்துக்கு 35 தடவை துடுப்பு போடுவோம், மணிக்கு 2100 தடவை. சாதாரண அலுமினியத் துடுப்பு ஒரு கிலோவுக்குக் குறையாது. நல்ல கார்பன் துடுப்பு 600 கிராமுக்குள் வந்துவிடும். வித்தியாசம் 400 கிராம்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவையும் துடுப்பை நீரிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டுமே. ஒரு மணி நேரத்தில் 840 கிலோவைக் கூடுதலாகத் தூக்குகிறீர்கள் என்று ஆகிறது. பலகையின் எடை உங்கள் கைக்கு வருவது காரிலிருந்து கரைக்குத் தூக்கிப்போகும்போது மட்டும்தான்.

முழுக் கார்பனுக்குப் பணம் எட்டவில்லை என்றால் தண்டு கார்பனாகவும் அலகு ஃபைபர்கிளாஸாகவும் உள்ளதைப் பாருங்கள். முட்டுக்காட்டில் மணல்மேடும் சிப்பியும் இருக்கிற இடத்தில் அலகு அடிபடத்தான் செய்யும். ஃபைபர்கிளாஸ் அந்த அடியைக் கொஞ்சம் பொறுத்துப்போகும். அலகின் விளிம்பில் பிளாஸ்டிக் பட்டை ஓடுகிறதா என்றும் பாருங்கள். பலகையின் ஓரத்தில் துடுப்பு உரசும்போது இரண்டுக்கும் அது பாதுகாப்பு.

துடுப்பின் நீளத்துக்கு, அமைதியான நீரென்றால் உங்கள் உயரத்தோடு 20 முதல் 25 செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். உங்கள் உயரம் 173 செ.மீ., ஆகவே 195க்குப் பக்கத்தில் தொடங்குங்கள். 6 அங்குலக் காற்றுப் பலகை நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும் என்பதால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டினாலும் தப்பில்லை. தோளுக்கு மேலே கை போய்ப்போய் வலித்தால் குறையுங்கள். அலகு முழுதாக முங்க நீங்கள் குனிய வேண்டியிருந்தால் கூட்டுங்கள். அதனால்தான் முதல் துடுப்பு நீளம் மாற்றக்கூடியதாக, இரண்டு துண்டாக இருக்கட்டும் என்கிறேன். தண்டை உங்கள் அளவுக்கு அறுத்துப் பிடியை ஒட்டிவிடும் ஒரே துண்டுத் துடுப்பு இன்னும் எடை குறைவு, இன்னும் விறைப்பு. ஆனால் உங்களுடைய நீளம் எது என்று ஒரு வருடமாவது ஓட்டித் தெரிந்த பிறகே அதற்குப் போக வேண்டும்.

அலகு பெரிதாக இருந்தால் வேகமாகப் போகலாம் என்று கடையில் சொல்வார்கள். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது பெரிய கியரைப் போட்டு மிதிப்பது போலத்தான் அது. முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கும், அப்புறம் தோள் கேள்வி கேட்கும். உங்கள் எடைக்கு 85 முதல் 90 சதுர அங்குலம் தாராளம். நீண்ட தூரம்தான் நோக்கம் என்றால் 85 பக்கமே சாயுங்கள்.

அலகு தண்டோடு நேராக இல்லாமல் ஏறக்குறைய 10 டிகிரி வளைந்திருப்பதை வாடகைத் துடுப்பில் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவு முன்பக்கம், பலகையின் மூக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். நான் முதல் நாள் கரண்டியால் குழம்பை அள்ளுவதுபோல் என் பக்கம் வளைத்துப் பிடித்திருந்தேன். சொல்லிக்கொடுத்த கோவளத்துப் பையன் தண்ணீரில் இடுப்பளவு நின்றபடி, "அண்ணா, திருப்பிப் பிடிங்க, நீங்க தண்ணிய மேல தூக்குறீங்க" என்றான். திருப்பிப் பிடித்துப் போட்ட முதல் தடவையிலேயே பலகை சறுக்கிக்கொண்டு போனது. முன்பக்கம் சாய்ந்த அலகு, துடுப்பு காலருகே வரும் நேரத்தில் நீரில் செங்குத்தாக நிற்கும், தண்ணீரைப் பின்னால் தள்ளும். திருப்பிப் பிடித்தால் அந்த இடத்தில் அது தண்ணீரை மேலே வாருகிறது, பலகையின் ஓரம் கீழே இழுபடுகிறது. முட்டுக்காட்டில் வாரக்கடைசியில் பாருங்கள், பாதிப்பேர் அப்படித்தான் பிடித்திருப்பார்கள்.

சரி, பலகைக்கு வருவோம்.

என் நண்பரிடம் 10 அடி 6 அங்குலம் நீளம், 32 அங்குலம் அகலத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவான பலகை ஒன்று இருக்கிறது. என்னுடையது 12 அடி 6 அங்குலம், அகலம் 30. ஒரு காலை இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டி, கைக்கடிகார ஜிபிஎஸ்ஸில் 500 மீட்டர் அளந்து எண்ணினோம். காற்றே இல்லை, தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அவர் பலகையில் எனக்கு 228 தடவை ஆனது, என்னுடையதில் 184. துடுப்பு ஒன்றே, ஆளும் ஒன்றே. நீளமும் கூர்மையும் கூடக்கூடப் பலகை நீரை விலக்கிக்கொண்டு போகிறது. குட்டையான உருண்டை மூக்கு நீரைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. அவர் பலகை ஓடும்போது மூக்கடியில் "சளப் சளப்" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் முழுக்க நீங்கள் கொடுத்த உழைப்புதான்.

அகலத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று உண்டு. அகலமான பலகை ஆடாது, உண்மைதான். ஆனால் துடுப்பை நீரில் வைக்க நீங்கள் அந்த அளவுக்கு வெளியே எட்ட வேண்டியிருக்கிறது. பலகையின் நடுக்கோட்டிலிருந்து துடுப்பு எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்குப் பலகை மறுபக்கம் திரும்பும். நான்கு தடவைக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டி வருவது இதனால்தான். 30 அங்குலத்தில் ஏழெட்டு தடவை ஒரே பக்கம் போடலாம். நான்கைந்து முறை ஏற்கெனவே நின்று பழகியவர் நீங்கள், 30இல் முதல் வாரம் கால் நடுங்கும், மூன்றாவது வாரம் மறந்துவிடுவீர்கள். 28க்கும் அதற்குக் கீழும் இப்போது போக வேண்டாம். 14 அடி ரேஸ் பலகையைக் கண்ணாலும் பார்க்க வேண்டாம், முட்டுக்காட்டின் குறுகிய இடங்களில் அதைத் திருப்புவதே தனி வித்தை.

கனம் 6 அங்குலமா, 4¾ அங்குலமா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காற்றுப் பலகைக்குள் மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. காற்று அடித்தால் அது பலூன்போல் உப்பாமல் பலகையாக நிற்பது அந்த நூல்களால்தான். மெலிந்த பலகையில் 82 கிலோ நின்றால் நடு அமுங்கி, மூக்கும் வாலும் வாழைப்பழம்போல் எழும்பும். துடுப்பு போடும்போதெல்லாம் கட்டில் கயிறுபோல் துள்ளும். கடையில் முழுக் காற்றடிக்கச் சொல்லி, இரண்டு முனைக்கும் கீழே முட்டுக் கொடுத்து நடுவில் ஏறி நின்று பாருங்கள். கடைக்காரர் மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

லிட்டர் கணக்கை அதிகம் நம்ப வேண்டாம். 300 லிட்டர், 320 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் கொள்ளளவு சுமார் ஒரு கிலோவைத் தாங்கும், ஆகவே உங்களைப்போல் மூன்று பேர் ஏறினாலும் அது மூழ்காது. ஆனால் மூழ்காமல் இருப்பது வேறு, வளையாமல் ஓடுவது வேறு. காற்றடிக்கத் தேவையில்லாத கெட்டிப் பலகையில் இதே ஆளுக்கு 200 லிட்டர் சுற்றுவட்டமே நிம்மதியாக இருக்கும்.

கெட்டிப் பலகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. ஃபோம் கருவின் மேல் ஃபைபர்கிளாஸும் எபாக்சிப் பிசினும் போர்த்திய பலகையின் ஓட்டம் காற்றுப் பலகைக்கு வரவே வராது. நீர் ஓரத்தில் வீடு இருந்தால், அல்லது பலகையை வைக்கக் கரையில் பூட்டிய இடம் கிடைத்தால், தயங்காமல் அதை வாங்கலாம். அடுக்குமாடி, லிஃப்ட், சின்னக் கார் என்று இருப்பவர்களுக்குக் காற்றுப் பலகையே சரி. கெட்டிப் பலகையில் சிறு விரிசல் விழுந்து கவனிக்காமல் விட்டால் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காற்றடிப்பதில் பலர் ஏமாறுவது, பலகை கைக்குக் கெட்டியாகத் தெரிந்ததும் காற்றழுத்தத்தை 8 பி.எஸ்.ஐ.யில் நிறுத்திவிடுவதுதான். பலகையில் எழுதியிருக்கும் அளவு வரை, பெரும்பாலும் 15 பி.எஸ்.ஐ., ஏற்றியே ஆக வேண்டும். கைப் பம்பில் கடைசி ஐந்து பி.எஸ்.ஐ.தான் உயிரை வாங்கும். காரின் 12 வோல்ட்டில் ஓடும் பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். ஓட்டி முடித்துக் கரையில் வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். 27 டிகிரியில் 15 இருந்த காற்று, 50 டிகிரி சூட்டில் 17ஐத் தாண்டிவிடும். ஓட்டு முடிந்ததும் கொஞ்சம் காற்றை இறக்கி நிழலில் வையுங்கள்.

ஃபின், அதாவது பலகையின் அடியில் வால் பக்கம் மாட்டும் தகடு, நடுவில் ஒன்று போதும். நேராக ஓட 9 அங்குலம் நல்லது. தண்ணீர் வற்றிய மாதங்களில் அது மணலில் மாட்டி, ஓட்டத்தில் பலகை நின்று, நீங்கள் முன்னால் விழுவீர்கள். அதனால் 5 அல்லது 6 அங்குலத்தில் ஒன்றும் பையில் கிடக்கட்டும். பலகை வாங்கும்போதே ஃபின் செருகும் பெட்டி பொதுவான அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் ஃபின் மட்டுமே பொருந்தும் என்றால், அது தொலைந்த அன்று பலகையும் முடங்கும்.

பலகை விலகிப் போகாமல் காலில் கட்டும் கயிறு சுருள் வகையாக இருக்கட்டும், நீரில் இழுபடாது. முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில் பாலத்தடியில் நீரோட்டம் இருக்கும். அப்போது காலில் கட்டாமல், இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் கழலும் வகையைக் கட்டுங்கள். தூணில் கயிறு சுற்றிக்கொண்டால் ஓடும் நீரில் குனிந்து காலைத் தொடவே முடியாது. உயிர்காப்பு அங்கி எந்த நாளும் உண்டு, நீச்சல் தெரிந்தாலும்.

விடியற்காலையில் இறங்கிவிடுங்கள். பகல் ஏற ஏறக் கடல்காற்று எழும். நீங்கள் கழிமுகத்தின் உள்ளே, மேற்கே போயிருப்பீர்கள், திரும்பும்போது காற்று முகத்துக்கு எதிரே இருக்கும். காற்றுப் பலகை உயரமாக மிதப்பதால் பாய்போல் காற்றைப் பிடிக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் முட்டி போட்டு, துடுப்பைக் கீழே இறக்கிப் பிடித்து வாருங்கள். ஒருநாள் அப்படி நான் திணறி வந்தபோது கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "கையால இழுக்காத தம்பி, இடுப்பத் திருப்பு" என்றார். கட்டுமரத்தில் காலம் கழித்தவர். அன்றிலிருந்து நான் துடுப்பு போடுவதே மாறிவிட்டது. கையை நீட்டியபடி வைத்து, உடம்பைத் திருப்பி, காலருகே வந்ததும் எடுத்துவிட வேண்டும். காலைத் தாண்டி இழுத்தால் பலகை திரும்புமே தவிர முன்னே போகாது.

மனைவி விஷயம்: பலகையைப் பகிர்ந்துகொள்ளலாம், 55 கிலோவுக்கு அது இன்னும் நிம்மதியாக நிற்கும். காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் அவருக்குத் திருப்பக் கஷ்டமாக இருக்கும். துடுப்பைப் பகிராதீர்கள். நீளத்தை மாற்றிவிடலாம், அலகின் அளவை மாற்ற முடியாது. அவருக்கு 75 முதல் 80 சதுர அங்குல அலகு வேண்டும். தண்டும் கொஞ்சம் மெலிந்ததாக இருந்தால் சின்னக் கைக்குப் பிடி நன்றாகக் கிடைக்கும். அவருடைய உயரத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள், எந்த நீளத்தில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.