ஈம் கிராமம்: போகப் போகிறவர்கள் கேட்டவை

இங்கிலாந்தில் டார்பிஷயரின் மலைப்பக்கம் இருக்கிறது ஈம். 1666இல் பிளேக் வெளியூருக்குப் பரவிவிடக் கூடாது என்று தன்னைத் தானே அடைத்துக்கொண்ட ஊர். நான் ஷெஃபீல்டில் குடியிருப்பதால் அடிக்கடி போய்வருகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எழுத்தைப் பார்த்தால் ‘ஈயம்’ என்று படிக்கத் தோன்றுகிறதே சார், எது சரி?

‘ஈம்’ என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். நம் காதில் ஈமக்கடன் என்ற சொல் வந்து மோதும். தற்செயல்தான், ஆனாலும் முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா அண்ணா?

முடியும், விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். செயின்ட் பான்க்ராஸிலிருந்து ஷெஃபீல்டுக்கு ரயிலில் சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். நடக்கத் தெம்பு இருந்தால் மான்செஸ்டர் பக்கம் போகிற ரயிலில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கி மேடேறிப் போகலாம். எப்படிப் போனாலும் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தனை சின்ன மலையூருக்கு நோய் எப்படி வந்தது?

துணியோடு வந்தது என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். 1665இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்குத் துணி மூட்டை வந்தது. ஈரமாக இருக்கிறதே என்று அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் நெருப்புப் பக்கம் விரித்துக் காயவைத்தார். துணியில் நோயைச் சுமந்திருந்த தெள்ளுப்பூச்சிகள் கிளம்ப அந்தச் சூடு போதும். செப்டம்பர் தொடக்கத்தில் முதலில் இறந்தவர் அவர்தான். சர்ச்சுக்குப் பக்கத்தில் அந்த வீடுகள் இருக்கின்றன. எந்த வீட்டில் யார் யார் இறந்தார்கள் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். இன்றும் ஆட்கள் குடியிருக்கிற வீடுகள் அவை, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டாம்.

பாதிரியார் சொன்னதும் ஊரே மனமுவந்து இருந்துவிட்டதா? நம்ப முடியவில்லையே.

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பாதிரியார் வில்லியம் மாம்பெசன், ஊருக்கு வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த இளைஞர். ஊர் மதித்தது முன்னாள் பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியை. ராஜாங்கம் சொன்ன வழிபாட்டு முறையை ஏற்காததால் பதவி இழந்தவர் அவர். கருத்தில் எதிரெதிராக நின்ற இந்த இருவரும் கைகோத்த பிறகுதான் ஜனம் இணங்கியது. வசதியுள்ள சிலர் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார்கள். மாம்பெசனும் தன் பிள்ளைகளை முன்கூட்டியே அனுப்பி வைத்தார். மனைவி கேத்தரின் போக மறுத்துக் கூடவே இருந்து, 1666 ஆகஸ்டில் இறந்தார். சர்ச் வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. போக இடமில்லாதவர்களும் அந்த ஊரில் இருந்திருப்பார்கள். அப்படியே இருந்தாலும், இரவோடு இரவாக மலையைத் தாண்டி ஓடியிருக்கலாமே? பெரும்பாலோர் ஓடவில்லை. சுமார் 260 பேர் செத்தார்கள். அதனால் அந்த ஊர்மேல் எனக்குள்ள மரியாதை குறையவே இல்லை.

எங்களுக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எதை விடக்கூடாது அக்கா என்று என் தங்கை கேட்கிறாள்.

தங்கையிடம் எல்லைக்கல் என்று சொல்லுங்கள். பலர் சர்ச்சைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்குப் போகிற வயல் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் புல்லில் ஒரு பாறை கிடக்கும், அதில் ஆறு குழிகள். ஊர்க்காரர்கள் காசை வினிகரில் நனைத்து அந்தக் குழிகளில் வைப்பார்கள், வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். குழியின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறது, விரல் சரியாகப் பொருந்தும். போன மாதம் போனபோது மழைத் தண்ணீருக்கு அடியில் யாரோ போட்ட ஒரு பென்னி கிடந்தது. நான் அங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

ஏழு வயது மகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. மியூசியத்தின் கூரையில் காற்றுத் திசை காட்டியாக ஓர் எலி நிற்கிறது, அவளே கண்டுபிடிக்கட்டும். குளிர்காலத்தில் மியூசியம் மூடியிருக்கும், பார்த்துப் போங்கள். ரைலி கல்லறைகளுக்கு மட்டும் அவள் மனநிலையைப் பார்த்துக் கூட்டிப் போங்கள். ஊருக்குக் கிழக்கே மேட்டு வயலில், சுற்றுச் சுவருக்குள் கல்லறைக் கற்கள் நிற்கும். எலிசபெத் ஹான்காக் என்ற தாய் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அங்கே புதைத்தார். குடும்பத்தார் பிணத்தைக் குடும்பத்தாரே அடக்கம் செய்ய வேண்டும் என்று ஊர் முடிவெடுத்திருந்த காலம் அது.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ‘பிளேக் ஞாயிறு’, அன்றைக்கு நினைவு வழிபாடு நடக்கும். கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில்தான் பிளேக் காலத்தில் ஊர்க்காரர்கள் தள்ளித் தள்ளி நின்று தொழுதார்கள். சர்ச்சுக்குள் நெருங்கி உட்கார்ந்தால் தொற்றும் என்ற பயம். கூட்டம் பிடிக்காதென்றால் வேறு நாள் பாருங்கள். வயல் பாதையெல்லாம் சேறு, செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.