இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவருக்கு மனநோய் வந்தால் வீட்டார் முதலில் எங்கே போகிறார்கள்?

முதலில் கோடாங்கியிடம்தான் (குறி சொல்லி, பேய் ஓட்டுகிறவர்). ஆனால் அதை வைத்து "தோட்டத்து ஆட்களுக்கு விவரம் போதாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கோடாங்கி, வேலை முடிந்த பிறகு ராத்திரி ஏழு மணிக்கு லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீடுகளுக்கே) வருவார். தமிழில் பேசுவார். டவுன் கிளினிக்குக்குப் போனால் நோயாளிக்கு ஒரு பேர், கூடப் போகிறவருக்கு ஒரு பேர் போகும் (ஒரு நாள் கூலியை நாங்கள் பேர் என்போம்). பஸ் காசு தனி.

எங்கள் வீடு மஸ்கெலியா பக்கம். கவ்வாத்து வெட்டுகிற (தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற) சித்தப்பா ஒரு மழைக்காலத்தில் மூன்று ராத்திரி தூங்கவில்லை. பீலிக்கரையில் (தண்ணீர் பிடிக்கிற இடத்தில்) நின்றுகொண்டு யாரோடோ பேசினார். முனி அடித்திருக்கிறது என்றார்கள். சேவல் கொடுத்தோம், கையில் கறுப்பு நூல் கட்டினோம். இரண்டு வாரம் அமைதியாக இருந்தார். அப்புறம் சித்தி போட்ட சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளிவிட்டார். தோட்டத்து டாக்டர் ஐயா பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். "அங்கொடைக்கா?" என்று சித்தி அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொழும்புக்குப் பக்கத்திலிருக்கும் அந்த மனநல ஆஸ்பத்திரியின் ஊர்ப்பெயர் எங்கள் பக்கம் ஒரு வசவு.

அங்கே போக வேண்டி வரவில்லை. டவுன் கிளினிக்கே போதுமாக இருந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க 13 வயதில் நான் போனேன், கடைக்குப் போய்ப் பழகிய சிங்களத்தோடு. சத்தம் கேட்கிறதா என்று அவர் விசாரித்தார். காது மந்தமா என்று கேட்கிறார் என நினைத்து, "சித்தப்பா, காது நல்லாக் கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றார். கேட்கிறது என்று நானும் சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார். நல்லவேளை, சித்தப்பாவுக்கு நிஜமாகவே குரல்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

மாத்திரை வேலை செய்தது. ஆனால் கை நடுங்கியது, காலையில் எழும்ப முடியவில்லை. சரிவில் நின்று கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவருக்கு அது சின்ன விஷயமா? சுகமாகிவிட்டது என்று தானே நிறுத்தினார், நாலு மாதத்தில் பழையபடி ஆனது. அடுத்த தடவை டாக்டர் மருந்தின் அளவை மாற்றி, மாதத்துக்கு ஒரு ஊசி என்று ஆக்கினார். நூலை அவிழ்க்கச் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே சித்தி அவரை நம்பினாள் என்று நினைக்கிறேன்.

2005-இல் வந்த தேசிய மனநலக் கொள்கைக்குப் பிறகு சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவருவதுதான் திட்டம். எனவே முதலில் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்தக் கிழமை என்று கேளுங்கள். மருந்துக்கும் ஊசிக்கும் அங்கே காசு இல்லை. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. யாராவது உயிரை மாய்க்கப் பார்த்திருந்தால் பொலிஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம், 1998-இலிருந்து அது குற்றமே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கூட ஒருவர் போகட்டும், சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரியவராக. பள்ளிக்கூடப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.