குதிரையேற்றம் பழக நினைக்கும் பெண்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை, ஒரு தாய்): மகளுக்குப் பதினொரு வயது. குதிரையேற்றம் பழக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெண்பிள்ளையின் உடம்புக்கு அது ஆகாது என்கிறார் மாமியார்.

பதில்: அக்கா, என் அம்மம்மாவும் இதையேதான் சொன்னார். கர்ப்பப்பைக்குக் கேடு என்ற பயம் அது. ஆரோக்கியமான பிள்ளைக்குச் சவாரியால் அப்படி எதுவும் நேராது. பயப்பட வேண்டியது விழுவதற்கு. தலைக்கவசம் இல்லாமல் குதிரையில் ஏற்றும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். சிறிய குதி வைத்த சப்பாத்து போடட்டும். தட்டைச் சப்பாத்து அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்துக்குள், நழுவிக் கால் சிக்கிக்கொண்டால், விழுந்த பிள்ளையைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஒரு தம்பி): ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியிலா? பெண்களுக்கு நியாயமா?

பதில்: ஒரே போட்டி, ஒரே பதக்கம். பலம் குதிரையுடையது, தம்பி. ஐந்நூறு கிலோ விலங்கை எந்த ஆணாலும் கையால் இழுத்து அடக்க முடியாது. இருக்கையின் பாரத்தாலும் காலின் அழுத்தத்தாலும் கடிவாளத்தின் இதத்தாலும் அதனுடன் பேச வேண்டும்.

கேள்வி (தெஹிவளை, உயர்தர மாணவி): பிறகு ஏன் 1952 வரை பெண்களை விடவில்லை?

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. 1900இல் பாரிஸில் எல்விரா கெர்ரா என்ற பெண் போட்டியிட்டிருக்கிறார். பின்னர் அந்தக் களம் இராணுவ அதிகாரிகளின் சொத்துப்போல ஆனது. 1948 ஒலிம்பிக்கில் டிரெஸாஜ், அதாவது குதிரையின் நடையழகுக்கும் பணிவுக்கும் புள்ளியிடும் போட்டியில், குழுத் தங்கம் வென்ற சுவீடனிடமிருந்து அதைப் பறித்தார்கள். குழுவில் ஒருவர் உண்மையான அதிகாரி அல்லர் என்பதுதான் குற்றம்! சாதாரணச் சிப்பாய்க்கே இடமில்லாதபோது பெண்ணுக்கு எங்கே?

1952இல் ஹெல்சின்கியில் டிரெஸாஜ் போட்டியைப் பெண்களுக்குத் திறந்துவிட்டார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் வந்தார். 1944இல், கர்ப்பிணியாக இருந்தபோது, இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது. அவர் மெல்ல மெல்ல மீண்டும் சேணத்தில் அமரப் பழகினார். ஏறவும் இறங்கவும் பிறர் தூக்கிவிட வேண்டும். ஏறிவிட்டால், ஜூபிலி என்ற பெண்குதிரை அவர் முதுகின் சிறு அசைவுக்கே கட்டுப்பட்டது. ஆண்களுடன் போட்டியிட்டு வெள்ளி வென்றார், 1956இலும் வெள்ளி. வெள்ளவத்தை அக்கா, இதை மாமியாருக்குச் சொல்லுங்கள்.

தடை தாண்டல் 1956இலும், மூன்று வகைச் சோதனைகள் சேர்ந்த ஈவென்டிங் 1964இலும் பெண்களுக்குத் திறந்தன.

கேள்வி (மட்டக்குளி): இலங்கைப் பெண் யாராவது போயிருக்கிறார்களா?

பதில்: மதில்டா கார்ல்சன். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தடை தாண்டலில் போட்டியிட்டார். இங்கே பிறந்து, குழந்தையிலேயே சுவீடன் குடும்பத்துக்குத் தத்துப்போனவர். அவரை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் அவருக்குக் குதிரையும் பயிற்சியும் ஐரோப்பாவில் கிடைத்தன என்பதை மறைக்க மாட்டேன். சுசந்திகா ஜயசிங்க ஓட்டத்தில் ஒலிம்பிக் பதக்கம் வென்றார். ஓடுவதற்குக் குதிரை வாங்க வேண்டியதில்லை. எங்கள் பெண்பிள்ளைகளை இன்று தடுப்பது சட்டமல்ல, செலவு. தீனி, லாடம், மிருக வைத்தியர் என்று ஒரு குதிரைக்கு மாதம் தவறாமல் பணம் போகும். இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து குதிரைகளைப் பகிர்ந்தால் வழி பிறக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி (பம்பலப்பிட்டி): எனக்கு 52 வயது. பிந்திவிட்டதா?

பதில்: இல்லை, அம்மா. 1972இல் பிரிட்டனின் லோர்னா ஜோன்ஸ்டன் எழுபது வயதில் ஒலிம்பிக்கில் சவாரி செய்தார். முதலில் எலும்பின் உறுதியை வைத்தியரிடம் பார்த்துவிடுங்கள். பின்னர், பயிற்றுநர் நீள்கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்தும் அமைதியான குதிரையில் அரை மணி நேரம் போதும். மறுநாள் தொடை வலிக்கும், அது இயல்பு.