செக்கிங் டேபிளில் எடுத்த ரீல்ஸ்

(திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 24 வருடம் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தவர், வேலை இடத்துப் பிரச்சினைகள் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அக்கா, நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் (தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை) பார்க்கிறேன். டீ டைமில் தோழிகள் இரண்டு பேரோடு ஆடி, ரீல்ஸ் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். பின்னால் டேபிளில் கிடந்த பீஸில் பையரின், அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனியின், லேபிள் தெரிகிறதாம். ஹெச்.ஆர். மன்னிப்புக் கடிதம் கேட்கிறார், வேலை போய்விடும் என்கிறார். வீட்டுக்காரர் போனை உடைத்துவிடுவேன் என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், அவிநாசி

கண்ணு, நீங்கள் ஆடியது தப்பே இல்லை. காலை எட்டரைக்கு டேபிள் முன்னால் நின்றால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறீர்கள். நடுவில் கிடைக்கும் பத்து நிமிஷத்தில் சிரிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த பீஸ் உங்களுடையது இல்லை. இன்றைக்கு நம் ஊரில் தைக்கிற சரக்கு, பல மாதம் கழித்து வரப்போகிற சீசனுக்கானது. கடைக்கு வரும் முன்னே டிசைன் வெளியே தெரிந்தால் பையர் சும்மா இருக்க மாட்டார். அடுத்த ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடுமோ என்று மேலே இருப்பவர்களுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் பையன் ஒருவன் அட்டைப் பெட்டி மேல் கை வைத்து நின்று போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். சட்டையில் மேல் பட்டன் வரைக்கும் போட்டிருந்தான். அவன் சேர்ந்த பிறகு முழுசாக முடிந்த முதல் ஷிப்மென்ட் அது. ஊரில் இருக்கும் அம்மா பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறான். பெட்டி மேல் ஸ்டைல் நம்பர், ஆர்டர் நம்பர், போகிற ஊர் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் காலை, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு பையரிடமிருந்து மெயில். பையனை அன்றைக்கே அனுப்பிவிடச் சொன்னார்கள்.

நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய், போட்டோ எடுக்கக் கூடாது என்ற அறிவிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. டைம் ஆபீஸ் பக்கத்துப் பலகையில் இருந்தது, முழுக்க இங்கிலீஷில். அந்தப் பலகையை எத்தனை முறை கடந்து போயிருப்பேன்! எனக்கும் அதுவரை உறைக்கவில்லை. தமிழில் இல்லை, பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள், அவர்கள் பாஷையிலும் இல்லை. சொல்லாத விதியை மீறினான் என்று ஒருவன் சோற்றில் எப்படிக் கை வைப்பது? ஒரு வாரம் சண்டை போட்டேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். அடுத்த வாரமே மூன்று பாஷையில் போர்டு வந்தது.

சரி, உங்கள் விஷயம். ரீல்ஸை எடுத்துவிடுங்கள். அதற்கு முன் எந்த நேரத்தில் போட்டீர்கள் என்பது தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள், இடைவேளையில்தான் எடுத்தீர்கள் என்பதற்கு அது உதவும். நீக்கினாலும் இன்ஸ்டாகிராமில் 30 நாள் வரை 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் கிடக்கும். அங்கேயும் போய் அழியுங்கள். கடிதத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: டீ இடைவேளை, லேபிள் தெரிந்ததைக் கவனிக்கவில்லை, நீக்கிவிட்டேன். இப்படி ஒரு விதி இருப்பதை யாரும் சொல்லவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். தேதி போட்டு, ஒரு ஜெராக்ஸ் கையில் வையுங்கள். அவர்களே டைப் அடித்துக் கொடுப்பதிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். விளக்கம் கேட்காமல், விசாரணை வைக்காமல் நாளையிலிருந்து வராதே என்று சொல்வது முறையல்ல. அப்படிச் சொன்னால் அன்றைக்கே தொழிற்சங்கத்துக்குப் போங்கள்.

நாங்கள் ஒன்பது பேர் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் லீவு தராததைப் பற்றிக் காட்டமாக எழுதினேன். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மெமோ வந்திருக்கிறது. நடவடிக்கை எடுக்க முடியுமா?
- ஒரு வாசகர், ஈரோடு

2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. கிராம வங்கி ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரிகளை விமர்சித்து எழுதியதற்காகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். ஊழியருக்கு மனக்குமுறலைக் கொட்டும் உரிமை உண்டு, நிறுவனத்தின் பெயர் கெடாதவரை நிர்வாகம் அதில் தலையிட முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். மெமோவுக்குப் பதில் எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். லீவு தராததைப் பற்றி எவ்வளவு காட்டமாகவும் இருக்கலாம். அவருடைய சாதியையோ குடும்பத்தையோ இழுத்திருந்தால் அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், போட்டுக் கொடுத்தது யார் என்று தேடாதீர்கள். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டால் லீவுப் பிரச்சினை அப்படியே நின்றுவிடும்.

லேட்டாக வரும் பெண்களை சூப்பர்வைசர் கேட்டிலேயே போட்டோ எடுத்து யூனிட் குரூப்பில் போடுகிறார். கீழே ஆண்கள் எங்கள் உடையைப் பற்றிக் கமென்ட் அடிக்கிறார்கள். கேட்டால் 'டிசிப்ளின்' என்கிறார்.
- மூன்று பேர், பல்லடம்

இதற்கு டிசிப்ளின் என்று பெயர் வைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. லேட் என்றால் பஞ்ச் மிஷினில் பதிவாகிவிடுகிறது, போட்டோ எதற்கு? அந்தக் கமென்ட்டுகள் பாலியல் ரீதியாக இருந்தால் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதற்கும் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அழிப்பதற்குள் தேதி, நேரம், நம்பர் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுங்கள். இந்த வாரமே கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.